கைடு ஒருவர் போதாது

நாகர்கோவில் பக்கம் ஏதோ ஒரு மருத்துவமனையில், சனிக்கிழமை மதியம், ஒரு பெண்ணின் மார்பகக் கட்டியை அறுத்து எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உடலைவிட்டு வெளியே வந்த நொடியிலிருந்து அந்தச் சதை கெட ஆரம்பிக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் அதைக் குறுக்கே கீறி, சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் தாராளமாக மூழ்கவைக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. கீறாமல் முழுக் கட்டியாகப் பாட்டிலில் போட்டுவிட்டால், ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். அது நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் நடுப்பகுதி நைந்துவிடும். ஞாயிறு லேப் கிடையாது. திங்கள்கிழமை திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை என்றால் செவ்வாய்தான் பாட்டிலைத் திறப்பார்கள்.

அப்படிக் கெட்டுப்போன சதையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம், இருக்கிறதா என்று பார்த்தால், இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அந்தப் பெண்ணுக்கு ஐந்து வருஷம் கொடுக்கவேண்டிய மாத்திரை கொடுக்கப்படாமலே போகலாம். அதே சதையை வாங்கி மரபணு ஆய்வு செய்யும் மாணவிக்கு ஆர்.என்.ஏ. சிதைந்த நிலையில் கிடைக்கும். அவள் மூன்று வருஷம் உட்கார்ந்து அதில் ஒரு உண்மையைத் தேடுவாள்.

இந்த ஒரு மணி நேரத்தின் அருமையை அந்த மாணவிக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அவளுடைய எம்.எஸ்சி. பாடத்தில் அது இல்லை. அவளுடைய கைடு விலங்கியலோ உயிர்வேதியியலோ படித்தவர், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றிருக்க மாட்டார். அறுவை மருத்துவருக்கு அது தெரியும். ஆனால் அவர் அவளுக்கு ஆசிரியர் இல்லை. மார்பகப் புற்றுநோயில் டிரான்ஸ்லேஷனல் ஆய்வு என்று சொல்லப்படும் துறையில் இளையவர்களை வளர்ப்பதன் மொத்தச் சிக்கலும் இந்த இடைவெளிக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

டிரான்ஸ்லேஷனல் ஆய்வு என்பதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைக்கவில்லை. ஆய்வகத்தில் தெரியவந்த ஒன்றை நோயாளிக்குப் பயன்படும் சோதனையாகவோ மருந்தாகவோ கொண்டுசேர்ப்பது, நோயாளியிடம் கண்ட புதிரை மறுபடி ஆய்வகத்துக்கு எடுத்துச்செல்வது, இந்த இரண்டு பயணமும் சேர்ந்ததுதான் அது. போகிற வழியில் பல கைகள் மாறும். மாறும் இடங்களில்தான் பொருள் தவறும். இளையவர்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்க வேண்டியதும் அந்த இடங்களைப் பற்றித்தான்.

உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்கள் சுமார் 1,92,000 பேர். இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே நோய் இளம் வயதிலேயே வருகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத முரட்டு வகை இங்கே கூடுதல். எங்கோ எடுத்த கட்டிகளில் கண்ட விடையை நம் பெண்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. இங்கே எடுத்த கட்டிகளை இங்கே உள்ளவர்கள் பார்த்தாக வேண்டும். அதற்கு ஆட்களை உருவாக்க வேண்டும்.

ஒருவரை உருவாக்குவது எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது டமாக்ஸிஃபென் மாத்திரையின் கதை. இன்று நம் மாவட்டத்தில் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் சீட்டைக் காட்டினால் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை அது. 1962-இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்ஸன் என்ற வேதியியலாளர் அதை முதலில் தயாரித்தார். ஆர்தர் வால்போல் தலைமையிலான குழு அதைக் கருத்தடை மருந்தாகச் சோதித்தது. எலிகளில் கருவைத் தடுத்தது, பெண்களிடமோ சினைமுட்டை வெளிவரத் தூண்டியது. கருத்தடை மருந்தாக அது தோற்றுப்போனது. 1971-இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள சிலருக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஓரளவு பலன் தெரிந்தது. அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஜோர்டன் என்ற மாணவர் இதே வகை மருந்துகளை வைத்து முனைவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். யாருக்கும் ஆர்வமில்லாத தலைப்பு. ஆய்வேட்டைப் படித்து மதிப்பிட வெளியிலிருந்து ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. கடைசியில் வந்தவர் வால்போல். மருந்துக் கம்பெனி ஆள், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். தேர்வோடு அவர் உறவு முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஜோர்டன் 1972-இல் அமெரிக்காவுக்கு, மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் நிறுவனத்துக்குப் போனார். அங்கே யாரோடு சேர்ந்து வேலைசெய்யப் போனாரோ அவர் வேறு பணிக்குக் கிளம்பிவிட்டிருந்தார். இருபத்தைந்து வயதுப் பையன், கையில் ஆய்வகம் உண்டு, என்ன செய்வதென்று சொல்ல ஆள் இல்லை. அவர் வால்போலைத் தொடர்புகொண்டார். வால்போல் அமெரிக்கக் கிளை வழியாகப் பணத்துக்கும் மருந்துக்கும் ஏற்பாடு செய்துகொடுத்தார். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்த எல்வுட் ஜென்ஸனின் சிகாகோ ஆய்வகத்துக்குப் போய் ஜோர்டன் செய்முறை கற்றுக்கொண்டார். எலியில் மார்பகப் புற்றை உண்டாக்கி அதில் மருந்தைச் சோதிக்கும் முறை அங்கிருந்து வந்தது.

அந்த எலிகளில் ஜோர்டன் கண்டது இரண்டு விஷயம். கட்டி வளர்வதற்கு முன்பே மருந்தைக் கொடுத்தால் கட்டி தடுக்கப்படுகிறது. குறைந்த நாள் கொடுப்பதைவிட நீண்ட நாள் கொடுப்பது நன்றாக வேலைசெய்கிறது. அறுவைக்குப் பிறகு ஐந்து வருஷம் டமாக்ஸிஃபென் என்ற சிகிச்சை முறைக்கு அடிப்படை போட்டதில் இந்தச் சோதனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளில் இந்த ஐந்து வருஷ மாத்திரை மார்பகப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது பின்னாளில் பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் உறுதியானது. வால்போல் 1977-இல் இறந்துபோனார். ஜோர்டன் 2024 வரை வாழ்ந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது வால்போல் என்ன செய்யவில்லை என்பதை. அவர் ஜோர்டனுக்குக் கைடு இல்லை. அவருடைய கட்டுரைகளில் தன் பெயரைப் போடச் சொல்லி வற்புறுத்தும் இடத்தில் அவர் இல்லை. பல்கலைக்கழகத்தில் கிடைக்காத மூன்று பொருள்கள் அவர் கையில் இருந்தன: மருந்து, பணம், ‘இந்தக் கேள்வி வீண்போகாது’ என்ற அனுபவக் கணிப்பு. அவற்றைக் கொடுத்தார். ஜென்ஸன் வேறொன்றைக் கொடுத்தார், செய்முறை. ஒரே மனிதரிடம் இது எல்லாம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஹெர்2 கதையும் அப்படித்தான். 1982-இல் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில் எல். சி. பாதி (Padhy) என்ற இந்திய இளம் ஆய்வாளர் முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரையில், எலியின் நரம்புக் கட்டியிலிருந்து எடுத்த டி.என்.ஏ. தூண்டிவிடும் ஒரு புரதம் அடையாளம் காணப்பட்டது. அதற்குக் காரணமான மரபணுதான் பிறகு நியூ என்று பெயர்பெற்றது. மனிதரில் அதன் இணைதான் ஹெர்2. 1985-இல் மார்க் கிரீனின் மாணவர் ஜெஃப்ரி டிரெபின், அந்தப் புரதத்துக்கு எதிரான ஒற்றை எதிர்ப்பொருள் (மோனோகுளோனல் ஆன்டிபாடி) கொடுத்தால் செல்லின் புற்றுக்குணம் அடங்குகிறது என்று காட்டினார். இரண்டும் இளையவர்கள் கைவேலை. ஆனால் அதுவரை எல்லாம் எலியும் செல் வளர்க்கும் தட்டும்தான். மனுஷக் கட்டியில் இதற்கு என்ன பொருள் என்று காட்டியது லாஸ் ஏஞ்சலஸின் டெனிஸ் ஸ்லேமன். அவர் புற்றுநோய் மருத்துவர், கட்டிகளைச் சேர்த்து உறையவைத்து வைத்திருந்தவர். ஜெனன்டெக் நிறுவனத்தில் இருந்த ஆக்ஸல் உல்ரிச்சிடம் மரபணுத் துணுக்குகள் இருந்தன. இரண்டும் சந்தித்தன. 189 மார்பகக் கட்டிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் ஹெர்2 மரபணு பெருகியிருக்கிறது, பெருகியவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று 1987-இல் கட்டுரை வந்தது. 1998-இல், ஹெர்2-வுக்கு எதிரான எதிர்ப்பொருளான டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

189 கட்டிகள் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அந்த ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு பெண் உண்டு. அவருக்குப் பிறகு என்ன ஆனது என்று யாரோ வருஷக்கணக்காக எழுதி வைத்திருந்தார்கள். உறைபெட்டியும் பதிவேடும் இல்லாவிட்டால் உல்ரிச்சின் மரபணுத் துணுக்கு வெறும் துணுக்குதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இந்த மாதிரி வேலைக்குக் கன்னியாகுமரி மாவட்டம் புதுசு என்று யாராவது நினைத்தால், அவர்கள் நெய்யூரைப் பார்க்க வேண்டும். லண்டன் மிஷன் சங்கம் 1838-இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப்போன குழுக்களில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல் பல வருஷம் அறுவை மருத்துவராக இருந்தது அந்த மருத்துவமனையில்தான். அங்கே வேலைபார்த்த ஐ. எம். ஓர் என்ற மருத்துவர் 1933-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றியது அது. வரிசையில் வந்து உட்கார்ந்த நோயாளிகளின் வாயைப் பார்த்து, அவர்கள் எதை மெல்லுகிறார்கள், எந்தப் பக்கம் அடக்குகிறார்கள் என்று கேட்டு எழுந்த கேள்வி. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் அறிக்கை வெளிவந்தது 2004-இல். அப்புறம், இதே திருவிதாங்கூர் மண்ணில், 1996-இல் தொடங்கி திருவனந்தபுரம் மாவட்டத்தில் வாயைப் பார்த்துச் சோதிக்கும் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2005-இல் அதே ‘லான்செட்’டில் முடிவு வந்தது. நெய்யூரின் புறநோயாளி வரிசையில் ஒருவருக்குத் தோன்றியதற்கும் இதற்கும் நடுவே எழுபது வருஷம்.

இன்று நம்மிடம் என்ன இருக்கிறது? ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நெய்யூரில் புற்றுநோய் மையம் இருக்கிறது. 1981-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.க்கு வடசேரியில் பஸ் ஏறினால் களியக்காவிளை தாண்டி இரண்டு மூன்று மணி நேரம். இந்தப் பக்கத்துப் பாதி நோயாளிகளின் கதையில் அந்தப் பயணம் வரும். 2011 கணக்கெடுப்பில் படிப்பறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். சிகிச்சைச் சீட்டுகளைக் கவரில் போட்டு வருஷக்கணக்காகப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. ஆய்வாளருக்கு அதுவே பாதிப் பதிவேடு. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, ஹோலி கிராஸ், இந்துக் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கல்லூரி என்று அறிவியல் படித்து வெளிவரும் பிள்ளைகள் வருஷாவருஷம் ஏராளம். அதில் பெண்களே அதிகம்.

அந்தப் பிள்ளைகள் புற்றுநோய் ஆய்வு என்று ஆசைப்பட்டு வந்தால் என்ன நடக்கிறது? தமிழ்நாடு முழுக்க நான் பார்த்த வரைக்கும் ஒரு தேய்ந்த பாதை இருக்கிறது. ஒரு மூலிகையை எடு. சாறு இறக்கு. எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்லில் ஊற்று. எம்.டி.டி. சோதனையில் எத்தனை செல் செத்தது என்று பார். மருந்து மூலக்கூறு புரதத்தில் பொருந்துவதைக் காட்டும் டாக்கிங் படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போடு. கட்டுரை தயார். இதைச் செய்கிற மாணவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, நானும் அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தவன். சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் அந்தச் செல் சாகும். இந்தச் சாறு இரத்தத்தில் எந்த அளவுக்குப் போய்ச் சேரும், சாதாரணச் செல்லை என்ன செய்யும், எந்த நோயாளிக்கு, இப்போது உள்ள மருந்தைவிட எதில் மேல் என்ற கேள்விகளை எனக்கு அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் இரண்டு வருஷம் மிஞ்சியிருக்கும்.

எம்.சி.எஃப்-7 எங்கிருந்து வந்தது என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. 1970-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், 69 வயதுக் கன்னியாஸ்திரீ ஒருவரின் நெஞ்சில் கோத்த நீரிலிருந்து எடுத்த செல்கள் அவை. பெயரில் உள்ள மூன்று எழுத்து மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையைக் குறிப்பது. மடங்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில், அந்தச் செல்லை வைத்து வேலைசெய்யும் ஒரு மாணவியிடம் முதல் நாளே இதைச் சொன்னால், தட்டில் இருப்பதை அவள் வேறு மாதிரி பார்ப்பாள். இன்னொரு செல் உண்டு, எம்.டி.ஏ-எம்.பி-435. பல வருஷம் மார்பகப் புற்றுச் செல் என்று உலகம் முழுக்க அதில் ஆய்வு செய்தார்கள். மரபணு அடையாளம் பார்த்தபோது அது மெலனோமா என்ற தோல்புற்றுச் செல் என்று தெரிந்தது. உன் செல் எது என்று சோதித்துவிட்டுத் தொடங்கு என்பது கைடு முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டிய பாடம். சோதனைக்குச் செலவாகும் என்று தள்ளிப்போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

கைடுகளைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் எட்டு பேர் வரை முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. வகுப்பு, தேர்வு, தரமதிப்பீட்டுக் கோப்புகள், இதற்கு நடுவில் எட்டுப் பேர். அந்தப் பக்கம் அரசு மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவரின் மேசையைப் பார்த்தால், ஸ்லைடு குவிந்திருக்கும். அவருக்கு மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வேடு வேறு. இருவருமே நல்ல மனசுக்காரர்கள்தான். ஒரே ஊரில், பத்து கிலோமீட்டருக்குள், ஒருவரை ஒருவர் தெரியாமல் வேலைசெய்கிறார்கள். இவருடைய மாணவி அவருடைய அறைக்குள் நுழைய எந்தக் காகிதமும் கிடையாது.

இந்த மாவட்டத்தில் கைடு என்ற சொல்லுக்கு முன்பே ஒரு சொல் இருந்தது: ஆசான். வர்மத்துக்கும் களரிக்கும் ஆசான் உண்டு. ஒடிவு முறிவு பார்க்கும் ஆசானிடம் சேர்ந்தவன் முதலில் எண்ணெய் காய்ச்சுவான், பச்சிலை பறிப்பான், வந்தவரைத் தாங்கிப் பிடிப்பான். அடிபட்டவரின் முனகலைக் கேட்டுக்கேட்டுத்தான் கை பழகும். பன்னிரண்டு வருஷம் கூட இருந்தால்தான் கடைசி முறையைச் சொல்லித் தருவார்கள் என்பது பேச்சு, சில ஆசான்கள் அதைச் சொல்லாமலே கண்மூடிவிட்டார்கள் என்பதும் பேச்சு. இந்த முறையில் எனக்குப் பிடித்த பாதி, நோயாளி பக்கத்தில் நின்றே படிப்பது. டிரான்ஸ்லேஷனல் ஆய்வுக்கு வருகிற பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். கீமோ கொடுக்கும் அறையில் உட்காரட்டும். கட்டியை அறுத்துப் பார்க்கும் மேசையில் நிற்கட்டும். ஸ்லைடை நோய்க்குறியியல் மருத்துவரோடு சேர்ந்து பார்க்கட்டும். ஹெர்2 சோதனையின் மதிப்பெண்ணில் பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் நல்ல கண்களே தடுமாறும் என்று தானே அறியட்டும். 2022-க்குப் பிறகு அந்தத் தடுமாற்றம் சின்ன விஷயமில்லை. ஹெர்2 கொஞ்சமாக உள்ள கட்டிகளுக்கும் வேலைசெய்யும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்ற மருந்து வந்துவிட்டது. யாருக்கு அந்த மருந்து, யாருக்கு இல்லை என்ற முடிவில் அந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிடிக்காத பாதி, மறைத்து வைப்பதும் எதிர்த்துக் கேட்கக் கூடாது என்பதும். ஆய்வகத்தில் அது வேறு உருவில் வரும். மாதிரிகள் தன் அலமாரியில், தரவு தன் கணினியில், மாணவிக்கு எது வேண்டுமோ அது மட்டும். முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டால் ‘திரும்பச் செய்’ என்ற ஒரே பதில். எத்தனை தடவை? வருகிறவரைக்கும். நான் அருகிலிருந்து பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஒரு பெண் அதே சோதனையை ஒன்பது முறை செய்தாள். எட்டு முறை வராதது ஒன்பதாவது முறை வந்தது, அதுதான் கட்டுரையில் போனது. அந்த எட்டைப் பற்றி அவளிடம் யாரும் பேசவில்லை. அவள் இப்போது ஆய்வில் இல்லை. எட்டு முறை வராததுதான் விடை என்று சொல்லும் தைரியத்தை ஒரு பெரியவர் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். தோற்ற முடிவையும் ஆய்வேட்டில் எழுதலாம், பட்டம் கிடைக்கும் என்று உறுதி சொல்லியிருக்க வேண்டும். டமாக்ஸிஃபென் தோற்றுப்போன கருத்தடை மருந்து என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

நல்ல ஆசான்–சீடர் உறவு தமிழ்நாட்டிலேயே நடந்த கதை உண்டு. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தை 12 படுக்கைகளோடு தொடங்கினார். மறு வருஷம் வேலைக்குச் சேர்ந்த வி. சாந்தாவை, முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தி பக்கத்தில் வைத்தே வளர்த்தார். முற்றிய மார்பகப் புற்றுக்கு மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பிறகு அறுவை செய்யும் முறையில் அந்த நிலையம் நாட்டில் முன்னோடி. சாந்தா 2021-இல் இறக்கும்வரை அந்த வளாகத்தைவிட்டுப் போகவில்லை.

கேள்வியைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வை நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். பல்லைப் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்களே, லிக்னோகெய்ன், அதே மருந்து. அறுவையின்போது கட்டியைச் சுற்றி அதைச் செலுத்தி, ஏழு முதல் பத்து நிமிஷம் விட்டு, அப்புறம் கட்டியை எடுத்தார்கள். இந்தியாவில் 11 மையங்கள், 1,583 பெண்கள். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், ஊசி போடாத பிரிவில் 86.4 விழுக்காடு, போட்ட பிரிவில் 90.1 விழுக்காடு. கத்தி படும் அந்த நேரத்தில் புற்றுச் செல்கள் எப்படி நடந்துகொள்கின்றன, செல்லின் சோடியம் வாயில்களை அடைத்தால் என்ன ஆகும் என்ற ஆய்வகக் கேள்வி, மலிவான ஒரு ஊசியாக மாறியது. நம் ஊர்ப் பிள்ளைகள் கோடி ரூபாய்க் கருவி இல்லையே என்று ஏங்கும்போது இதைத்தான் காட்டுகிறேன். அந்த ஆய்வுக்குப் பணம் தேவைப்படவில்லை என்று சொல்ல வரவில்லை. வருஷக்கணக்கில் நோயாளிகளைப் பின்தொடரும் பொறுமையும் ஒழுங்கும்தான் அதில் பெரிய செலவு.

மணல் கேள்வியும் இங்கே வரும். மணவாளக்குறிச்சி கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள்: ‘எங்க ஊர்ல இவ்வளவு புற்றுநோய் இருக்கே, மணல்ல இருக்க தோரியம்தானே காரணம்?’ பயத்திலிருந்து வருகிற கேள்வி, வீட்டில் ஒரு சாவைப் பார்த்த பிறகு வருகிற கேள்வி. அதைச் சிரித்து ஒதுக்குகிறவர் நல்ல ஆசிரியர் இல்லை. ‘ஆமாம்’ என்று உடனே தலையாட்டுகிறவரும் இல்லை. இதே போலத் தோரியம் கலந்த மோனசைட் மணல் உள்ள கொல்லம் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து, 2009-இல் வெளிவந்த ஆய்வில், மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அந்த ஆய்வை வரிவரியாகப் படிக்கவைக்க வேண்டும். வீடுவீடாக எப்படி அளந்தார்கள், பதிவேடு எப்படி இருந்தது, நம் கரைக்கு அது எந்த அளவு பொருந்தும், பொருந்தாத இடம் எது. அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளையிடம் கேள்வி மிச்சமிருந்தால், அது ஆய்வுக்குத் தகுந்த கேள்வியாகியிருக்கும்.

அப்புறம் நோயாளியிடம் அனுமதி கேட்பது. இதைப் படிவம் நிரப்பும் வேலையாக மாணவர்களிடம் தள்ளிவிடுகிறோம். குருந்தன்கோட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் கேட்டது: ‘மக்களே, எனக்க கட்டிய எடுத்து வச்சு நீ என்ன செய்யப்போற? எனக்கு அதுல என்ன உண்டு?’ நேர்மையான பதில், ‘உங்களுக்கு இப்போ ஒண்ணும் இல்லம்மா, பின்னால வாரவங்களுக்கு உதவலாம்’ என்பதுதான். அதைச் சொல்லத் தயங்கி, ‘உங்க நல்லதுக்குத்தான்’ என்று மழுப்பினால் அது பொய். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அப்போ எனக்க மகளுக்கு உதவும்’ என்று கையெழுத்துப் போட்டார். இந்த உரையாடலை ஒரு பெரியவர் செய்யும்போது மாணவி பக்கத்தில் நின்று பத்து முறையாவது கேட்டிருக்க வேண்டும். பதினோராவது முறை அவள் பேச, பெரியவர் கேட்க வேண்டும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் முகம் மாறாமல் நன்றி சொல்லி வருவதும் அதில் ஒரு பாடம்.

பணமும் வயதும் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழிந்து 42,000. அது கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள், கிடைக்காமல் வீட்டுக் காசில் ஆய்வு செய்கிறவர்களே அதிகம். நம் பெண்களுக்கு ஆய்வின் நடுவில் கல்யாணம் வரும், மாப்பிள்ளை துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பார், குழந்தை வரும், இரண்டு மூன்று வருஷம் விட்டுப்போகும். அந்த இடைவெளிக்குப் பிறகு திரும்ப வருகிற பெண் ஆய்வாளர்களுக்கு உதவக்கூடிய மத்திய அரசின் பயோகேர் போன்ற திட்டங்கள் உண்டு. அப்படி ஒன்று இருப்பதையும், விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதையும் அவளுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். விட்டுப்போன பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டு ‘எப்போ வாற?’ என்று கேட்கிற கைடு எனக்குத் தெரிந்து ஒருவர் இருந்தார். அவரிடம் படித்த மூன்று பேர் அப்படித் திரும்பி வந்தார்கள்.

இளம் மருத்துவர்களுக்கு இதே குறை மறுபக்கத்திலிருந்து. அவர்களிடம் நோயாளி உண்டு, கேள்வி உண்டு, சோதனையை வடிவமைக்கத் தெரியாது, புள்ளியியல் பயம். டாடா மருத்துவமனையும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பும் 2015 முதல் ‘கிரெடோ’ என்ற பயிற்சி முகாமை நடத்துகின்றன. இளம் புற்றுநோய் மருத்துவர் ஒரு ஆய்வு யோசனையோடு வருவார். சில நாள் அனுபவசாலிகளோடும் புள்ளியியலாளர்களோடும் உட்கார்ந்து அதை முழு ஆய்வுத் திட்டமாக எழுதிக்கொண்டு போவார். மூத்தவர்கள் அங்கே சொற்பொழிவு செய்ய வருவதில்லை. இன்னொருவருடைய யோசனையைத் திருத்திக்கொடுக்க வருகிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

இதைச் சின்ன அளவில் நம் மாவட்டத்தில் செய்ய என்ன வேண்டும்? கட்டடம் வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஏதாவது ஒரு கல்லூரியின் கருத்தரங்கு அறை, ஒரு புரொஜெக்டர், டீ. ஒரு அறுவை மருத்துவர், ஒரு நோய்க்குறியியல் மருத்துவர், உயிரறிவியல் கைடுகள் இரண்டு மூன்று பேர், முடிந்தால் திருவனந்தபுரத்திலிருந்தோ நெல்லைப் பல்கலைக்கழகத்திலிருந்தோ ஒரு புள்ளியியலாளர். இரண்டு மாணவர்கள் தங்கள் கேள்வியை முன்வைப்பார்கள், ஒரு இளம் மருத்துவர் தன் புதிரை. நெறிமுறைக் குழுவின் அனுமதி எப்படி வாங்குவது, மாதிரி யாருக்குச் சொந்தம், கட்டுரையில் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பல நல்ல கூட்டுறவுகள் முறிவது இந்த வரிசை விஷயத்தில்தான், அதுவும் வேலையெல்லாம் முடிந்த பிறகு. ஒவ்வொரு மாணவிக்கும் இரண்டு பேர் பொறுப்பு: ஒருவர் ஆய்வகத்திலிருந்து, ஒருவர் வார்டிலிருந்து. இருவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளை உட்காரவைத்து, அவள் என்ன செய்தாள் என்று கேட்பதோடு, அவளுக்கு அவர்கள் என்ன செய்யத் தவறினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

முதல் வருஷ வேலையாக நான் பரிந்துரைப்பது அந்த ஃபார்மலின் பாட்டில்தான். மாவட்டத்தில் மார்பக அறுவை நடக்கும் இடங்களில், கட்டி உடலைவிட்டு வந்த நேரம், கீறிய நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம், லேப் திறந்த நேரம், நான்கையும் பாட்டில் லேபிளில் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்து, ஒரு வருஷம் கழித்து ஏற்பிச் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இதற்கு ஒரு பேனாவும் கடிகாரமும் போதும். தியேட்டர் நர்ஸ் அக்காமாரின் ஒத்துழைப்பு வேண்டும், அதைக் கேட்டுப் பெறுவதும் மாணவிக்கு ஒரு படிப்பு. வருஷக் கடைசியில் அவள் கையில் ஒரு ஆய்வேட்டு அத்தியாயம் இருக்கும். சனிக்கிழமை அறுவைக்கு வருகிற பெண்ணின் கட்டி, செவ்வாய்வரை முழுசாகக் கிடக்காது.